சிங்கம் எத்தனை, கோபுரம் எது? வேலூர் வாசகர்களுக்குப் பதில்கள்

குடியாத்தம்: சார், அரசு முத்திரையில் சிங்கம் மூன்றா, நான்கா?

நான்கு. முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் ஒன்று மறைந்துவிடுகிறது. சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் உச்சி அது. 1904-05 அகழாய்வில் ஓர்ட்டல் என்ற பொறியாளர் கண்டெடுத்தார். 1950 ஜனவரி 26 அன்று நாட்டின் சின்னமானது. வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிங்கங்களின் காலடிப் பட்டையில் நடுவே சக்கரம், இடப்பக்கம் குதிரை, வலப்பக்கம் காளை. அசல் கல்லில் பின்பக்கம் யானையும் ஒரு சிங்கமும் உண்டு. அதற்கும் கீழே கவிழ்ந்த தாமரை இருந்தது. சின்னத்தில் அதை விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் குதிரைதான் உயிர். மேலே சிங்கங்கள் அசையாமல் நிற்க, கீழே அது நாலுகால் பாய்ச்சலில் போகிறது!

ராணிப்பேட்டை: அச்சகம் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை அரசு வேலையாம், கல்யாணப் பத்திரிகையில் சிங்க முத்திரை போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வேலைதான் அரசுடையது, கல்யாணம் அவர் வீட்டுடையது.

வாணியம்பாடி: மூன்று சிங்கம் ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆரணி: தமிழக முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்தானே?

காட்பாடி: இல்லை சார், மதுரை!

இருவருமே பொறுங்கள். பெரும்பாலோர் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் 1949இல் வந்த அந்த முத்திரையை வரைந்த கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வரைந்தவர் சொல்லுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

ஆரணி: அடுக்கை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 11 நிலை, மதுரை மேற்குக் கோபுரத்துக்கு 9. ஆனால் சின்ன வட்டத்துக்குள் அடக்க ஓவியர் சுருக்கித்தான் ஆக வேண்டும், எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

காட்பாடி: நம்ம வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை வைத்திருக்கலாமே?

ஆசை நியாயம்தான், எனக்கும் உண்டு. அப்புறம், கோபுரச் சண்டையில் முன்னால் நிற்கும் சிங்கத்தூணையும் கீழே இருக்கும் ‘வாய்மையே வெல்லும்’ என்பதையும் யாருமே கேட்கவில்லை. தேசியச் சின்னத்தின் ‘சத்யமேவ ஜயதே’ முண்டக உபநிடத வரி. அதன் தமிழ்தான் இது.

ஆம்பூர்: 1806 சிப்பாய்க் கலகத்தில் வேலூர்க் கோட்டையில் பறந்த கொடி எது?

ஜூலை 10, திப்புவின் மைசூர்க் கொடி. அதைத் தனியாகப் பேசலாம்.

சத்துவாச்சாரி: அப்பா ஓய்வு பெற்ற அதிகாரி. காரில் சிங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம், பரவாயில்லையா?

ராணிப்பேட்டைக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். இன்றைக்கே உரித்துவிடுங்கள்.