கொடி விழுந்த இடமே கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விடுமுறைக்கு வந்திருந்த மகனுடன் அமர்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். தன் கோல் லைனிலிருந்து 4 யார்டு தூரத்தில் பந்தை வைத்திருந்த அணி, எதிராளியைப் பிடித்து நிறுத்தியதாக நடுவர் ஹோல்டிங் கொடியை வீசினார். அதற்குத் தண்டனை 10 யார்டு என்றால், பந்து கோல் லைனுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனுக்குள் போய், எதிரணிக்குப் புள்ளி தரும் சேஃப்டி ஆகியிருக்க வேண்டாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆகாது. பந்துக்கும் கோல் லைனுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் தண்டனையாக அளக்கக் கூடாது என்பது விதியாதலால், 4 யார்டில் இருந்த பந்து 2 யார்டுக்குத்தான் வரும். மறுபடியும் அதே தவறு நேர்ந்தால் 1 யார்டு. எத்தனை முறை பாதியாக்கினாலும் பந்து கோட்டைத் தொடாது.

சேஃப்டியை முடிவு செய்வது தவறு நடந்த இடம். எண்ட் ஸோனுக்குள் பின்வாங்கிய குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசும் வீரரை)க் காப்பதற்காக, ஒரு வீரர் கோல் லைனுக்குப் பின்னால் நின்று அதே ஹோல்டிங்கைச் செய்தால், எதிரணிக்கு 2 புள்ளிகள் கிடைக்கும். கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று செய்தால் பாதித் தூரத் தண்டனையோடு முடிந்துவிடும். பந்து ஆட்டத்துக்கு வரும் முன்பே அசைந்துவிடும் ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு, அசைந்தவர் எண்ட் ஸோனுக்குள்ளேயே நின்றிருந்தாலும், சேஃப்டி கிடையாது.

கபடியில் பாடி வந்தவரை மடக்கிய அணி தான் பாடாமலேயே புள்ளி பெறுவதை நம் பகுதியில் எல்லோரும் அறிவோம். சேஃப்டியும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் இங்கே இழப்பு இரட்டிப்பு: புள்ளியைக் கொடுத்த அணியே தன் 20 யார்டு கோட்டிலிருந்து பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கவும் வேண்டும். அப்படியிருந்தும், 2013 சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் 34-29 என்று முன்னணியில் இருந்த பால்டிமோர் ரேவன்ஸ் அணி, 12 வினாடிகளே மீதமிருந்தபோது வேண்டுமென்றே சேஃப்டி கொடுத்தது. பந்தை உதைக்கும் பண்ட்டரான சாம் கோச் எண்ட் ஸோனுக்குள்ளேயே ஓடி 8 வினாடிகளைக் கழிக்க, அவருடைய அணியினர் எதிராளிகளைப் பிடித்து நிறுத்தினார்கள். நடுவர் கொடி வீசவில்லை. வீசியிருந்தாலும் எதிரணிக்குக் கிடைத்திருப்பது அதே 2 புள்ளிகள்தாம், ஓடிய வினாடிகள் திரும்பியிராது. விதியை இவ்வளவு நுட்பமாகப் படித்திருந்த அந்த அணி 34-31 என்று கோப்பையை வென்றது. என்னைப் பொறுத்தவரை, அந்த ஆட்டத்தில் பலமுறை திரும்பிப் பார்க்க வேண்டிய காட்சி அதுவே.

கேள்வி: எதிரணியின் பாஸை 2 யார்டில் பிடித்த தடுப்பு வீரர், ஓடி வந்த வேகத்தில் தன் எண்ட் ஸோனுக்குள் போய் அங்கே வீழ்த்தப்பட்டால் சேஃப்டிதானே?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை. பந்தைப் பிடித்த வேகமே அவரை உள்ளே இழுத்துச் சென்றதால், அவருடைய அணி அதே 2 யார்டிலிருந்து ஆடும். ஆனால் அவர் எண்ட் ஸோனை விட்டு வெளியே வந்து, தாமாகவே மீண்டும் உள்ளே நுழைந்து அங்கே பிடிபட்டால் அது சேஃப்டி.