ஏஎம்சி தேடி அலையும் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டிப்ளமோ முடித்து எட்டு வருடம் ஒரு கடையில் டெஸ்க்டாப், பிரிண்டர் சர்வீஸ் பார்த்தேன். கடையை மூடிவிட்டார்கள். கன்சல்டன்சிகளில் பயோடேட்டா கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ரெசிடென்ட் இன்ஜினியர் (ஒரே நிறுவனத்தில் தினமும் இருந்து சர்வீஸ் பார்ப்பவர்) வேலைக்கு ₹14,000 தான் சொல்கிறார்கள். சொந்தமாக ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பிடிக்கலாம் என்று போனால், எல்லா இடத்திலும் ‘எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்’ என்ற பதில்தான். எங்கே போய்க் கேட்பது?
- வாசகர், ஈரோடு

பதில்: ‘ஆள் இருக்கிறார்’ என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த ஆளிடம் எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. போன் அடித்தால் வருவார், ஐந்நூறு வாங்கிக்கொண்டு போவார். அதனால் போனதும் ‘ஏஎம்சி கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘உங்களிடம் எத்தனை மெஷின் இருக்கிறது, எதில் எவ்வளவு ரேம், எந்த யுபிஎஸ் பேட்டரி எப்போது மாற்றியது என்று லிஸ்ட் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது இடத்தில் இருக்காது. அந்த லிஸ்ட் போட்டுத் தருவதுதான் உங்கள் முதல் வேலை. ஒரு மெஷினுக்கு ₹150 முதல் ₹200 வரை கேட்கலாம். கேபினட்டைத் திறந்து புளோயர் அடித்து, சீரியல் நம்பர், பிராசஸர், ரேம், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, விண்டோஸ் லைசென்ஸ் நிலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முதலாளி கையில் கொடுங்கள். ‘ஏழாம் நம்பர் மெஷினில் ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது’ என்று அதில் ஒரு வரி இருந்தால், அடுத்த பேச்சை அவரே ஆரம்பிப்பார்.

எட்டு முதல் நாற்பது மெஷின் வரை உள்ள இடங்களைக் குறிவையுங்கள். ஆடிட்டர் அலுவலகம், ஸ்கேன் சென்டர், தனியார் பள்ளி, ஜவுளிக் கடை, நூல் மில் ஆபீஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எட்டுக்குக் கீழே இருந்தால் ஏஎம்சி கட்டுப்படியாகாது, கூப்பிட்டால் போகிற கணக்கே போதும். ஐம்பதைத் தாண்டினால் டெண்டர், டர்ன்ஓவர் சான்றிதழ் என்று கேட்பார்கள்.

போகிற நாளும் முக்கியம். ஆடிட்டரிடம் ஜூலையிலும் செப்டம்பரிலும் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ரிட்டர்ன் வேலை முடிந்து மூச்சு விடும் ஜனவரியில் போங்கள். பள்ளிக்கு மார்ச்சிலேயே கொட்டேஷன் போய்விட வேண்டும், அப்போதுதான் மே விடுமுறையில் லேப் வேலை கிடைக்கும். ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடிக்கு ஒரு மாதம் முன்பு. பில்லிங் மெஷினும் தெர்மல் பிரிண்டரும் படுத்துவிடுமோ என்ற பயம் அப்போதுதான் அவர்களுக்கு இருக்கும்.

அந்த ₹14,000 வேலையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். பழுதுப் புகார்களைப் பதிவு செய்யும் டிக்கெட் சிஸ்டம், அலுவலக மெஷின்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் சர்வர் பழக்கம் கடை வேலையில் வராது. ஆறு மாதம் பார்க்கலாம். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று நீங்களே பாஸ்புக்கில் பாருங்கள். ₹21,000-க்குள் சம்பளம் என்றால் இஎஸ்ஐ கார்டும் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு டெபாசிட் கட்டச் சொல்கிற கன்சல்டன்சியாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் 30 டெஸ்க்டாப்புக்கு ஸ்பேரும் சேர்த்து காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சி எடுத்தேன். ஒரு மெஷினுக்கு ₹1,500. நான்கு மாதத்தில் ஆறு எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை), ஒன்பது யுபிஎஸ் பேட்டரி, இரண்டு மதர்போர்டு மாற்றிக் கைக்காசு போய்விட்டது. எங்கே தப்பு?
- வாசகர், கரூர்

பதில்: மெஷினைத் திறந்து பார்க்காமல் விலை சொன்னது முதல் தப்பு. பேட்டரியை ஒப்பந்தத்துக்குள் விட்டது இரண்டாவது. 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுசு. நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றே பாதி பேட்டரி செத்திருக்கும். மல்டிமீட்டரில் 12.7 காட்டியதே என்பீர்கள். லோடு இல்லாமல் பார்த்தால் செத்த பேட்டரியும் அப்படித்தான் காட்டும். சிபியு, மானிட்டர் ஓடும்போது மெயின்ஸைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் 10.5-க்கு இறங்கினால் அது மாற்ற வேண்டியது.

ஆறு எஸ்எம்பிஎஸ்ஸும் இரண்டு போர்டும் நான்கே மாதத்தில் போயிருக்கின்றன என்றால், மெஷினை விட்டு சுவரைப் பாருங்கள். சாக்கெட்டில் எர்த் கம்பி சும்மா தொங்கினால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக கேபினட்டின் தகரத்துக்கு ஏறத்தாழ பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவுக்கு வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு. ஆனால் வெறும் காலோடு நின்று புறங்கையால் தடவினால் சுர்ரென்று இருக்கும். அந்த நிலையில் பிரிண்டர் கேபிளையோ எச்டிஎம்ஐயையோ சொருகும்போது போர்ட் போகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. மேலே காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ‘எர்த், வயரிங் கோளாறால் வரும் பழுது ஒப்பந்தத்தில் சேராது’ என்ற ஒரு வரி உங்கள் தாளில் இல்லாததுதான் அந்த இரண்டு மதர்போர்டின் விலை.

ஹார்ட் டிஸ்க்கை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளைக் காட்டும் ரீஅலோகேட்டட் செக்டர் (05), படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருப்பவற்றைக் காட்டும் பெண்டிங் செக்டர் (சி5) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த மென்பொருள் ரா வேல்யூவை (அசல் எண்ணிக்கையை) பல நேரம் ஹெக்ஸாடெசிமலில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) காட்டும், அப்போது ‘10’ என்று இருந்தால் அது பதினாறு. சி5 ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். பேக்கப் எடுத்து மாற்றிய பிறகு சேர்க்கலாம்.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. லேபர் மட்டும், ஸ்பேர் தனி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 30 மெஷினையும் சுத்தம் செய்ய, ஒன்றுக்கு 25 நிமிடம் என்றால் இரண்டு நாள். வருடத்துக்கு எட்டு நாள். பழுது அழைப்பு மாதம் இரண்டு, ஒவ்வொன்றும் அரை நாள். அது பன்னிரண்டு நாள். ஆக இருபது நாள். உங்கள் நாள் கூலி ₹1,200 என்றால் ₹24,000. பெட்ரோல், தெர்மல் பேஸ்ட், சிஆர்2032 செல் வகையில் ₹4,000. இதன்மேல் எதிர்பாராத செலவுக்கு 20 சதவீதம் வைத்தால் ₹33,600, மெஷினுக்கு ₹1,120. ஸ்பேரே இல்லாமல் இந்த விலை! நீங்கள் எல்லாம் சேர்த்து ₹1,500-க்கு எடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள். இதில் நமக்கு வேலை இருக்கிறதா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட் நின்றது. உங்களிடம் வரும் மெஷின்களை மூன்றாகப் பிரியுங்கள்.

இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் புதியதோ இருந்தும் விண்டோஸ் 11-க்கு ‘சப்போர்ட் இல்லை’ என்று காட்டுபவை முதல் வகை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் எனும் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று, ரன் பெட்டியில் tpm.msc அடித்துப் பாருங்கள். டிபிஎம் இல்லை என்று வந்தால் பல நேரம் பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையில்) பிடிடி எனும் இன்டெல்லின் டிபிஎம் வசதி அணைந்திருக்கும், அவ்வளவுதான். சிலதில் விண்டோஸை எம்பிஆர் எனும் பழைய டிஸ்க் அமைப்பில், லெகசி எனும் பழைய பூட் முறையில் போட்டிருப்பார்கள். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறைக்கான வசதியை) முதலில் அணைத்துவிடுவார்கள், மெஷின் பூட் ஆகாது, வாடிக்கையாளர் முகம் மாறிவிடும். முழு பேக்கப், பிறகு டிஸ்க்கை ஜிபிடி எனும் புதிய அமைப்புக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையில் வேலிடேட் (சோதனை), பிறகு கன்வர்ட், கடைசியில்தான் பயாஸ். பிரைமரி பார்ட்டிஷன் நான்கு இருந்தால் கன்வர்ட் மறுத்துவிடும். மூன்றாகக் குறைக்க வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) ஓடினால் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, சஸ்பெண்ட் செய்துவிட்டு பயாஸைத் தொடுங்கள்.

நான்காம், ஐந்தாம் தலைமுறை மெஷின்கள் இரண்டாம் வகை. சாட்டா எஸ்எஸ்டி போட்டு வேகமாக்கலாம் (எச்81 போர்டில் நொடிக்கு 6 ஜிகாபிட் வேக போர்ட் இரண்டு, 3 ஜிகாபிட் வேக போர்ட் இரண்டு, தவறான போர்ட்டில் சொருகிவிட்டு எஸ்எஸ்டியைக் குறை சொல்லாதீர்கள்). ஆனால் முறைப்படி விண்டோஸ் 11 அதில் ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றச் சொன்னால், பின்னால் அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாவது, டிடிஆர்2 ரேம் காலத்து மிகப் பழைய மெஷின்கள். அதில் காசு போடச் சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: ஒரு வெண்டருக்காக சர்வீஸ் கால் கணக்கில் வேலை செய்கிறேன். நான்கு மாதப் பணம் வரவில்லை. கேட்டால் ‘டிஃபெக்டிவ் பார்ட் வரவில்லை’ என்று பிடித்தம் காட்டுகிறார்கள்.
- வாசகர், சென்னை

பதில்: கழற்றிய பழைய பார்ட்டை அனுப்பிய கூரியர் டாக்கெட் நம்பரை அன்றே மெயிலில் போடுங்கள், வாட்ஸ்அப் போதாது. ஒவ்வொரு சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் வாடிக்கையாளர் சீல் இருக்கட்டும்.

உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் இன்றே ஆதாரை வைத்து ஆன்லைனில் எடுங்கள். கட்டணம் கிடையாது, ஏஜென்டுக்கு ஆயிரம் கொடுக்க வேண்டாம். பதிவுக்குப் பின் செய்யும் வேலைக்கு, பணம் தரும் கெடு எழுத்தில் இருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. கெடுவே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம், நிலுவைப் புகாருக்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். அதைவிட வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு: சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காமல் மார்ச்சில் நிதியாண்டு முடிந்தும் நிலுவையில் வைத்தால், அந்தத் தொகையை வெண்டர் அந்த வருடச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. உத்யம் சான்றிதழை இன்வாய்ஸோடு சேர்த்து அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு பிப்ரவரியில் ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி இல்லாமல் ஏஎம்சி எடுக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: எடுக்கலாம். சேவை கலந்த தொழிலுக்கு வருட விற்றுமுதல் ₹20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் 18 சதவீதம் போட்டு வசூலிப்பதுதான் குற்றம். ஸ்பேரை வாடிக்கையாளர் பெயரிலேயே கடையில் பில் போடச் சொல்லுங்கள். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்று வரி விதிக்கப்படும் தொழில் செய்பவர் என்றால் வரிக் கிரெடிட் (கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) அவருக்குப் போகும், உங்கள் விற்றுமுதலும் ஏறாது, வாரன்டி அலைச்சலும் பில் உள்ளவரோடு போய்விடும்.