சீதன வீட்டுப் பிளானில் பின்விறாந்தை எங்கே?

கல்லடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்குச் சீதனமாக வீடு கட்டுகிறோம். படவரைஞர் தந்த பிளானில் சமையலறை 6 அடிக்கு 11 அடி. பின்விறாந்தை இல்லை. நவீன வீடு இப்படித்தான் என்கிறார். கையெழுத்து வைக்கலாமா?"

இப்போதைக்கு வைக்காதீர்கள்.

1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் வரைந்த சமையலறையும் கிட்டத்தட்ட இதே அளவுதான். வேலையாள் இல்லாத வீட்டில் ஒரு பெண் தனியாக, அதிகம் நடக்காமல் சமைத்து முடிக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் வரைந்தார். ஆனால் உதவிக்கு இன்னொருவர் நிற்க அங்கே இடமில்லை. சமையல் ஒருத்தியின் பாடு என்று கோடே விதித்துவிட்டது. உங்கள் வீட்டில் மீன் வெட்டுவதும் தேங்காய் துருவுவதும் பின்விறாந்தையில்தானே? அதை அழித்தால் அந்த வேலைகள் வெயிலுக்குப் போகும், செய்கிற பெண்களும் கூடவே.

விலக்கு ஒன்று உண்டு. மகளும் மருமகனும் மட்டும் குடியிருந்து, இருவரும் வேலைக்குப் போய், காஸ் அடுப்பில் அளவாகச் சமைப்பார்கள் என்றால் சிறிய சமையலறை வசதிதான். ஆனால் நீங்களும் அதே வளவில் இருக்கப் போகிறீர்களா? பேறுகாலத்துக்கு மகளைப் பார்க்க வருவீர்களா? விறகடுப்பு வேண்டுமா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்த விலக்கு உங்களுக்கில்லை. விறாந்தையைக் கேளுங்கள், கிணற்றுப் பக்கமாகவே கேளுங்கள்.

படத்திலுள்ள கட்டிலை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 1:100 அளவுத்திட்டத்தில் ஆறரை அடிக் கட்டில் 2 சென்ரிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். ஒன்றரைதான் இருந்தால், அறை பெரிதாகத் தெரியக் கட்டிலைச் சுருக்கியிருக்கிறார்கள். சமையல் மேடை மகளின் முழங்கைக்கு நாலு விரல்கடை கீழே இருக்கட்டும். நவீன வீடுகளுக்குப் பேர்போன கட்டடக்கலைஞர் லு கொர்பூசியே தன் அளவுகளுக்கு மாதிரியாக வைத்துக்கொண்ட ஆள் 1.83 மீற்றர் உயர ஆண். உங்கள் மகள் அல்ல.

"அனுமதியோடு சேர்த்து முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரிடம் மிகக் கவனம். யாருக்கோ வரைந்த படத்தில் பெயரை மாற்றிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "சபை இதைத்தான் ஏற்கும்" என்றால், எந்த விதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பின்விறாந்தை கூடாது என்று எந்த விதியும் இல்லை. எல்லையிலிருந்து விடவேண்டிய இடத்தை விட்டுக் கட்ட வேண்டும், அவ்வளவே கவனம். எல்லையையும் மலக்குழியையும் துருவித் துருவிக் கேட்கும் அலுவலகங்கள், இந்த வீட்டில் யார் சமைப்பார் என்று ஒருநாளும் கேட்பதில்லை. 1950களில் கண்டி வட்டபுளுவ வீட்டுத் திட்டத்துக்கு இலங்கைக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, குடியிருக்கப் போகிறவர்களிடமே கேட்டு வரைந்தார். நம் நாட்டிலேயே நடந்தது!

மகளையும் கூட்டிக்கொண்டு படவரைஞரிடம் போங்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் கோட்டை மாற்றுவது அரைநாள் வேலை.