சென்னையில் நடக்கும் எரிசக்தி, சுற்றுச்சூழல் பயிலரங்குகளுக்குப் போனால் சான்றிதழ் தவிர வேறு என்ன கிடைக்கும்?

கேள்வி கேட்டவர் சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். மாதத்துக்கு நாலைந்து கருத்தரங்கு, பயிலரங்கு அறிவிப்புகள் வருகின்றனவாம். நண்பர்கள் ஓ.டி.க்காகவும் (வகுப்புக்கு வராமலே கிடைக்கும் வருகைப்பதிவு) சான்றிதழுக்காகவும் போகிறார்கள், யூடியூபில் இல்லாத எதை அங்கே சொல்லிவிடப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

போங்கள். ஆனால் பொறுக்கிப் போங்கள்.

நான் கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று தணிக்கை செய்யும் வேலையில் இருக்கிறேன். மாணவனாக இருந்த காலத்திலிருந்து இன்றுவரை கிண்டி, தரமணி, பள்ளிக்கரணைப் பக்கம் இப்படி ஏதாவது நடந்தால் நேரம் ஒதுக்கிப் போய்விடுவேன். என் வேலைக்கு அடிப்படையான விஷயங்களில் பாதியை அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எரிசக்தி, சுற்றுச்சூழல் இரண்டிலும் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை மெகாவாட், இத்தனை மில்லிகிராம், இத்தனை டிகிரி என்று செய்தித்தாளிலும் வாட்ஸப்பிலும் தினமும் கொட்டுகின்றன. ஆனால் ஒரு எண்ணை யார் அளந்தார், எந்தக் கருவியால், எந்த நேரத்தில், எதை ஒதுக்கிவிட்டு என்பது தெரியாமல் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நல்ல பயிலரங்கில் அந்த எண் உங்கள் கண் முன்னால் பிறக்கும். அளந்தவரும் பக்கத்திலேயே நிற்பார், கேட்கலாம். வீடியோவில் இது கிடைக்காது.

ஒரு உதாரணம். கூவம் செத்துப்போன ஆறு என்று நாம் எல்லோரும் பேச்சுவாக்கில் சொல்கிறோம். நீர்த்தர ஆய்வு பற்றிய ஒரு பயிலரங்கில் அதைப் பார்க்கவே முடிந்தது. 300 மில்லி கொள்ளும் கண்ணாடிக் குப்பிகள் இரண்டு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அன்று காலை கூவத்தில் எடுத்து வந்த தண்ணீர். காற்றுக்குமிழி ஒன்றுகூட உள்ளே தங்காதபடி நிரப்ப வேண்டும், தங்கினால் அதிலுள்ள ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துவிடும். பிப்பெட் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்து மாங்கனீசு சல்பேட் 2 மில்லி, அப்புறம் காரத்தோடு சேர்ந்த அயோடைடு 2 மில்லி விட்டார்கள். மூடியைச் செருகி, குப்பியை மேலும் கீழுமாகப் புரட்டிக் கலக்கச் சொன்னார்கள். குழாய்த் தண்ணீரில் டீ டிகாஷன் போலப் பழுப்பு நிறத்தில் திப்பி திப்பியாக வீழ்படிவு இறங்கியது. கூவம் குப்பியிலும் வீழ்படிவு இறங்கியது, ஆனால் வெள்ளையாகவே நின்றது. எவ்வளவு புரட்டினாலும் வெள்ளைதான்.

கரைந்திருக்கும் ஆக்சிஜன் மாங்கனீசோடு சேரும்போதுதான் அந்தப் பழுப்பு வரும். வெள்ளையாக நின்றால் சேர அங்கே ஆக்சிஜன் இல்லை என்று பொருள். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரைந்திருக்கும். மீன் வளர்ப்புக்கும் காட்டுயிர்களுக்கும் ஏற்ற நீர் என்றால் குறைந்தது 4 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. இந்த இரண்டு எண்களையும் நான் புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்தேன். அந்த வெள்ளைக் குப்பியைப் பார்த்த பிறகுதான் அவற்றின் கனம் புரிந்தது.

அதற்கு அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "தண்ணியை எத்தனை மணிக்கு எடுத்தீங்க சார்?" என்று கேட்டார். அந்தப் பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. பாசி இருக்கும் தண்ணீரில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறும், இரவில் இறங்கி விடியற்காலையில் அடிமட்டத்துக்கு வரும், ஆகவே நேரம் எழுதாத அளவை நம்பாதே என்றார். முகத்துவாரத்துப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறும் நேரத்தில் எடுத்தால் கணக்கே வேறு. சாக்கடை கலந்த நீரில் சல்ஃபைடு போன்றவை இந்த வேதிமுறையையே குழப்பும், அதனால் மின்முனைக் கருவியாலும் சரிபார்க்க வேண்டும் என்றார். ஒரே ஒரு கேள்விக்கு இவ்வளவும் வந்து விழுந்தது. ஆறு, ஏரி பற்றிய எந்த அறிக்கையை எடுத்தாலும் மாதிரி எடுத்த இடம், நேரம் இரண்டையும் நான் முதலில் தேடுவது அன்றிலிருந்துதான்.

சூரிய மின்சாரப் பயிலரங்குகள் இப்போது சென்னையில் நிறைய நடக்கின்றன. மொட்டை மாடிக்கு அழைத்துப் போகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். 72 செல் கொண்ட பேனலின் பின்பக்க லேபிளில் திறந்த சுற்று மின்னழுத்தம் (சுமை எதையும் இணைக்காதபோது இருக்கும் அழுத்தம்) 45 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். மே மாத நடுப்பகலில் மல்டிமீட்டரை வைத்தால் 40 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டும். லேபிளில் இருப்பது ஆய்வகத்தில் 25 டிகிரியில் எடுத்த அளவு. நம் மாடியில் பேனல் 65 டிகிரி தொடும். டிகிரிக்கு 0.3 சதவீதம் வீதம் இறங்கினால் 12 சதவீதம் போய்விடுகிறது. பேனலின் பின்பக்கம் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் அழுத்தம் மெல்ல ஏறுவது தெரியும். மின்விசிறி ஓடுமளவுக்குச் சுமையை இணைத்துவிட்டு, ஒரு செல்லை மட்டும் அட்டையால் மறைத்துக் காட்டுவார்கள். பேனல் தரும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான பேனல்களில் 24 செல்களுக்கு ஒரு பைபாஸ் டயோடு (முடங்கிய செல்களைச் சுற்றி மின்னோட்டத்தை மாற்று வழியில் விடுவது), ஒரு செல் முடங்கினால் அந்த 24-ம் ஒதுக்கப்பட்டுவிடும். நம் ஊர் மாடிகளில் தண்ணீர் டேங்க்கின் நிழல் என்ன செய்யும் என்பதை இதைப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். வீட்டு மாடியில் பேனல் போட ஆசைப்படும் யாருக்கும் இந்த ஒரு மணி நேரம் போதும், எந்த விற்பனையாளரிடமும் தெளிவாகப் பேசலாம்.

சரி, செய்முறை இல்லாத வெறும் சொற்பொழிவு? அதற்கும் போகலாம், கேள்வி நேரம் இருந்தால். காற்றாலை பற்றிய ஒரு உரையில், தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவியிருக்கிறோமே, பிறகு ஏன் கோடையில் தட்டுப்பாட்டுப் பேச்சு வருகிறது என்று ஒருவர் கேட்டார். பேசியவர் பலகையில் ஒரு ஆண்டின் வரைபடத்தைப் போட்டார். மே முதல் செப்டம்பர் வரை மலை மாதிரி எழும்பி, மற்ற மாதங்களில் தரையோடு கிடக்கும் கோடு. நிறுவிய திறன் வேறு, கையில் கிடைக்கும் யூனிட் வேறு என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு கூட்டத்தில் ஒரு அம்மா, "ஏசியை 24-ல வைங்கன்னு சொல்றீங்க, சென்னைப் புழுக்கத்துக்கு அது பத்துமா?" என்று கேட்டார். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 2020 ஜனவரி முதல், ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். உடம்புக்குக் குளிர்ச்சி தெரிவதில் வெப்பநிலையோடு ஈரப்பதத்துக்கும் காற்றோட்டத்துக்கும் பங்கு உண்டு, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டு 26-ல் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று பேச்சாளர் விளக்கினார். இதை இன்றுவரை என் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறேன்.

உரை முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். 1928-ல் ஜெர்மன் இயற்பியலர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரியில் பேச வந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். நீ படித்து வைத்திருக்கும் அணு இயற்பியல் பழசாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்லி, அச்சுக்குப் போயிருந்த தன் கட்டுரையின் மெய்ப்புப் படியையும் கொடுத்தார். அதைப் படித்துத்தான் அந்த மாணவர் தன் ஆரம்பகால ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதினார். அவர் எஸ். சந்திரசேகர், 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். மயிலாப்பூரில் இயற்பியலர் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டில் நடத்திவந்த இயற்பியல் கருத்தரங்குதான் 1962-ல் கணித அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது. இன்று தரமணியில் இருக்கும் அதே நிறுவனம்தான் 2016-லிருந்து மியூசிக் அகாடமியில் 'சபாவில் அறிவியல்' என்ற பொது உரைகளை நடத்துகிறது. கச்சேரி கேட்கும் அரங்கில் விஞ்ஞானிகள் பொதுமக்களுக்காகப் பேசுகிறார்கள். முதலில் அதற்குப் போய்ப் பாருங்கள். தலைப்பு உங்கள் துறையாக இல்லாவிட்டாலும் ஒரு நல்ல உரை எப்படி இருக்கும் என்பது பிடிபட்டுவிடும்.

எதைத் தவிர்ப்பது? அழைப்பிதழோடு வரும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று பதினொன்றரை மணி வரை போய், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு வகுப்பு என்றால் வேண்டாம். 200 பேரை ஒரே அரங்கில் உட்கார வைத்து ஸ்லைடு ஓட்டுவதற்குப் பயிலரங்கு என்று பெயர் வைப்பது மாணவர்களின் ஒரு நாளைப் பறிப்பதுதான், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று ஒருங்கிணைப்பாளரிடம் போன் போட்டுக் கேளுங்கள். ஐந்தாறு பேர் என்றால் கட்டணம் கட்டியாவது போகலாம். பேசப் போகிறவர் அந்தத் துறையில் நேரடியாக ஆய்வு செய்கிறவரா என்றும் பாருங்கள்.

சென்னையில் இருப்பது பெரிய வசதி. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், அதை ஒட்டியே ஐஐடி. பள்ளிக்கரணையில் தேசிய காற்று எரிசக்தி நிறுவனமும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும். 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சதுப்புநிலமும் அங்கேதான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை பார்க்க மீஞ்சூர், நெம்மேலி என்று நகரத்தின் இரு முனைகளிலும் உண்டு. பாடம் நடத்தும் இடமும் பாடமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர்கள் அதிகமில்லை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள், இந்த மூன்றையும் ஒட்டிய வாரங்களில் அறிவிப்புப் பலகையை விடாமல் பாருங்கள்.

கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் கோக்கத் தயங்கியே நல்ல கேள்விகளை விழுங்கிவிடும் மாணவர்களை ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறேன். தமிழ் தெரிந்த பேச்சாளர் என்றால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார், தெரியாதவர் என்றால் பக்கத்தில் யாராவது எடுத்துச் சொல்வார்கள்.

வேலைக்கு உதவுமா என்றால், உதவும். எங்களிடம் நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளிடம் சான்றிதழ்க் கட்டை நான் புரட்டுவதில்லை. கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) எந்த வயரில் மாட்டுவீர்கள் என்று கேட்பேன். மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் வயரையும் சேர்த்துப் பிடித்தால் மீட்டர் ஏன் சுழியம் காட்டுகிறது என்று கேட்பேன். கையில் பிடித்துப் பார்த்தவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். நீங்கள் மின்துறை என்றால் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியிலும் சின்ன சோலார் பேனலிலும் பழகுங்கள். 230 வோல்ட் லைனைத் தொடும் முன் விஷயம் தெரிந்த ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும்.