கத்திரிக்கோல் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

அன்புள்ள அக்கா,

உங்க எழுத்தை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. ரெண்டு பசங்க, பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு நாலு. நானும் வேலைக்குப் போறேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீட்டையே புரட்டிப்போட்டு அடுக்குறேன், புதன்கிழமைக்குள்ள பழையபடி ஆயிடுது. வீடியோ பாத்து பாத்து டப்பா, கூடைன்னு வாங்கிக் குவிச்சு, இப்போ அந்த டப்பாக்களை வைக்கவே இடம் இல்ல. அதைவிட, கத்துறேன் அக்கா. போன வாரம் சின்னவ கலர் பென்சில் டப்பாவைத் தரையில கொட்டிட்டா, நான் போட்ட சத்தத்துல அப்படியே அசையாம நின்னுட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. வீடு ஒழுங்கா இருக்கணும்னு ஆசைப்படுறது தப்பா? பசங்க வரைஞ்ச பேப்பர் மட்டுமே மூணு அட்டைப்பெட்டி இருக்கு, தூக்கிப்போட மனசு வரல, அதை என்ன பண்ண? (என் பேர் வேண்டாம்.)

அன்புள்ள தோழி,

தப்பே இல்ல. இதை முதல்ல சொல்லிடணும், ஏன்னா வீடு கலைஞ்சு கிடந்தா நமக்கு வர்ற படபடப்பை எல்லாரும் ஏதோ நம்ம சுபாவக் கோளாறு மாதிரி பேசுறாங்க. 2010-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கு, கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுகள், மொத்தம் 60 பேர், அவங்கவங்க வீட்டை அவங்களே சுத்திக் காட்டிப் பேசச் சொல்லியிருக்காங்க. கார்டிசோல்னு ஒரு ஹார்மோன், காலையில ஏறி ராத்திரிக்குள்ள இறங்கணும். "எல்லாம் அப்படியே கிடக்கு, வேலை முடியல"ன்னு வீட்டைப் பத்திப் பேசின பெண்களுக்கு அது இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கல, பொழுது போகப் போக மனசும் சோர்ந்திருக்கு. அதனால உங்களுக்குப் பிடிச்சிருக்கிறது பைத்தியம் எல்லாம் இல்ல, உடம்பே உணர்ற விஷயம்தான்.

ஆனா ஒண்ணு கேக்கணும். கடிதத்தை மூணு தடவை படிச்சேன், அடுக்குறது நீங்க, வாங்குறது நீங்க, கத்துறது நீங்க, தூங்காம இருக்கிறதும் நீங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. ஒன்பது வயசுப் பையன் என்ன பண்றான்னும் இல்ல. எனக்கு அங்கதான் முடிச்சு தெரியுது. எந்தப் பொருள் எங்க இருக்குன்னு ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரிஞ்சா, வீடு எவ்வளவு பளிச்சுனு இருந்தாலும் அது ஒழுங்கான வீடு இல்லைங்க, அந்த ஒரு ஆள் தலையில மொத்த வீட்டையும் தூக்கி வெச்சிருக்கோம், அவ்வளவுதான்.

நான் ஒரு காலத்துல ஒரு வேலை பண்ணினேன், நீங்களும் பண்ணிப் பாருங்க. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பரை ஒட்டி வெச்சு, வீட்டுல யாராவது "அது எங்க?"ன்னு என்னைக் கேட்டா பொருள் பேரை எழுதிப் பக்கத்துல ஒரு கோடு போட்டேன். நாலே நாள்ல கத்திரிக்கோலுக்கு மட்டும் 11 கோடு! அது எங்க இருந்துச்சு தெரியுமா, பெட்ரூம் பீரோவோட மேல் தட்டுல, துணிக்குப் பின்னாடி. என் பொண்ணு தவழ ஆரம்பிச்சப்போ அவ கைக்கு எட்டக்கூடாதுன்னு நான் ஒளிச்சு வெச்ச இடம் அது. நான் இந்தக் கோடு போட்டப்போ அவ எட்டாவது படிச்சுட்டு இருந்தா. காரணம் எப்பவோ போயிடுச்சு, கத்திரிக்கோல் மட்டும் அங்கேயே குடியிருக்கு, நான் பத்து வருஷத்துக்கு மேல எழுந்து போய் எடுத்துக் குடுத்துட்டே இருந்திருக்கேன். அன்னைக்கே சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டினேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் கேக்கல, எடுத்தவங்களே திரும்ப மாட்டவும் செஞ்சாங்க, ஏன்னா காலியா இருக்கிற ஆணி கண்ணுல படுது.

நாற்காலி மேல குவியுற துணியும் இதே கதைதான். ஒரு தடவை போட்டது, அழுக்கும் இல்ல, பீரோவுல மடிச்சு வைக்கிற அளவுக்குச் சுத்தமும் இல்ல, அதுக்குன்னு வீட்டுல ஒரு இடமே கிடையாது, அப்புறம் நாற்காலிக்குத்தானே போகும். கதவுக்குப் பின்னாடி ஆளுக்கு ஒரு கொக்கி போடுங்க. எந்தப் பொருள் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல வந்து விழுதோ, அங்கேயே அதுக்கு இடம் பண்ணிக் குடுத்துடறதுதான் நல்லது, கையோட பழக்கத்தோட சண்டை போட்டு ஜெயிச்சவங்களை நான் பாத்ததில்ல. டப்பா வாங்குறதை இப்போதைக்கு நிறுத்திடுங்க, பொருளைக் குறைக்காம டப்பா வாங்கினா என்ன வேணும் என்ன வேண்டாம்னு முடிவெடுக்கிறதைத்தான் மூடி போட்டு வைக்கிறோம்.

இப்போ அந்தக் கலர் பென்சிலுக்கு வரேன், என் மனசு அங்கதான் நிக்குது. நாலு வயசுக் குழந்தை ஏன் டப்பாவைக் கவுக்குது? அடியில இருக்கிறது தெரியல, அவ்வளவுதான். அமெரிக்காவுல டொலீடோ பல்கலைக்கழகத்துல 36 குழந்தைகளை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க, 2018-ல வெளியாச்சு, எல்லாம் ஒன்றரையிலிருந்து ரெண்டரை வயசு. ஒரு தடவை 4 பொம்மை, இன்னொரு தடவை 16 பொம்மை. நாலு மட்டும் இருந்தப்போ ஒவ்வொண்ணோடவும் அதிக நேரம், விதவிதமா விளையாடியிருக்காங்க. உங்க பொண்ணு கொஞ்சம் பெரியவ, இருந்தாலும் செஞ்சு பாக்கலாம். எட்டு பென்சில் மட்டும் ஒரு அகலமான குவளையில, மூடி இல்லாம, அவ இடுப்பு உயரத்துல வைங்க, வெளியில பென்சில் படம் ஒண்ணு ஒட்டுங்க, அவளுக்கு இன்னும் எழுத்து படிக்க வராதில்லையா. மிச்சத்தை மேல வெச்சுட்டு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. அப்பவும் கொட்டுவா, ஆனா எட்டு பென்சிலை ஒரு நாலு வயசுக்காரி தானே பொறுக்கி வெச்சுட முடியும், நாப்பத்தெட்டை முடியாது.

அப்புறம், அவ கிட்ட மன்னிப்பு கேளுங்க. பக்கத்துல உக்காந்து, "அன்னைக்கு அம்மா ரொம்ப சத்தம் போட்டுட்டேன், பென்சில் கொட்டினது பெரிய தப்பில்ல, அம்மாவுக்கு களைப்பு"ன்னு சொன்னா போதும். ஒரு வாரம் ஆயிடுச்சேன்னு விட்டுடாதீங்க, அவ மறந்திருப்பான்னு நான் நம்பல. கொட்டினா திட்டு விழாது, எடுத்து வைக்க இடம் இருக்குன்னு குழந்தைக்குத் தெரியுற வீடுதான் அவளை வளர்க்கும், அதுக்கு அப்புறம்தான் பளபளப்பெல்லாம்.

ஞாயித்துக்கிழமைப் போரை விட்டுடுங்க. தினம் ராத்திரி பத்து நிமிஷம், நாலு பேரும் சேர்ந்து, பத்து நிமிஷம் ஆச்சுன்னா பாதியில இருந்தாலும் நிறுத்திடணும். உடனே படியாது. லண்டன்ல 96 பேரை வெச்சு ஒரு புதுப் பழக்கம் தானா வர எவ்வளவு நாளாகும்னு கணக்குப் போட்டாங்க, 2009-ல வெளியான ஆய்வு, சராசரி 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் கணக்கு போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா பாதிக்கலன்னும் சொல்றாங்க, அதனால ஒரு நாள் தவறினதுக்கு உங்களையே திட்டிக்காதீங்க. வீட்டுக்காரர்கிட்ட "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க, ஹெல்ப்னா வேலை இன்னும் உங்களோடதுதான்னு அர்த்தம் ஆயிடுது. துணியோ பசங்க ஸ்கூல் சாமானோ, ஏதாவது ஒண்ணை முழுசா அவர்கிட்ட விடுங்க, ஞாபகம் வெச்சுக்கிறதையும் சேர்த்து. முதல் ரெண்டு வாரம் சொதப்பும், நடுவுல போய் வாங்கிச் செஞ்சுடாதீங்க.

மூணு பெட்டிப் படங்களை நீங்க தனியா உக்காந்து பிரிக்க வேண்டாம், பிரிக்கவும் முடியாது. ஒரு சாயங்காலம் எல்லாத்தையும் தரையில பரப்பி, மூணுல ஒரு பெட்டியை மட்டும் நடுவுல வைங்க, மூடி மூடுற வரைக்கும்தான்னு சொல்லிட்டு எதை வெச்சுக்கலாம்னு பசங்களையே கேளுங்க. போட்டோ எடுத்துட்டு மிச்சத்தை விடலாம். நீங்க பொக்கிஷம்னு நினைச்சதை அவங்க சட்டுனு ஒதுக்குவாங்க, கிறுக்கல்னு நினைச்ச ஒண்ணை விடவே மாட்டாங்க. அது என்ன படம், ஏன் பிடிச்சிருக்குன்னு கேட்டுப் பின்னாடி அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைங்க, தேதியும் போடுங்க.

அன்புடன்,
அக்கா