அமிலம் விட்டும் பாசி அசரவில்லையே, ஏன்?

கேள்வி: ஆய்வுத் திட்டத்துக்காக எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற கடல் நுண்பாசியை வளர்க்கிறேன். வருங்காலக் கடல் போல இருக்கட்டும் என்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 7.8-க்கு இறக்கி, குடுவையைப் பஞ்சால் அடைத்தேன். ஐந்தாம் நாள் பார்த்தால் 8.5. செல் எண்ணிக்கையும் சாதாரணக் குடுவையில் உள்ள அளவுக்கே இருக்கிறது. அப்படியானால் கடல் அமிலமாவது இதைப் பாதிக்காதா?

பதில்: அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். உங்கள் பாசி அந்த ஐந்து நாளும் 7.8-ல் வாழவே இல்லை. அமிலம் பட்டதும் நீரில் உள்ள பைகார்பனேட்டில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாக மாறும். பஞ்சு காற்றை விடும் என்பதால் அது வெளியேறிவிடும், பி.எச். மறுபடி 8 பக்கம் ஏறும். மீதி ஏற்றம் பாசியின் வேலை. ஒளிச்சேர்க்கைக்குக் கரிமத்தை இழுக்க இழுக்க நீர் காரமாகிக்கொண்டே போகும்.

இன்னொன்று, கடலில் நடப்பது இதுவல்ல. அங்கே கரைவது கார்பன் டை ஆக்சைடு. அதனால் நீரில் கரைந்த மொத்தக் கரிமம் கூடும், காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறன், மாறாது. நீங்கள் விட்ட அமிலமோ காரத்தன்மையைக் குறைத்தது, கரிமத்தைக் கூட்டவில்லை. பி.எச். ஒன்றாக இருந்தாலும் பாசிக்குக் கிடைக்கும் பைகார்பனேட் ஒன்றல்ல.

இது ஏன் முக்கியம்? கடல்நீரில் கரைந்த கரிமத்தில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட். தனி கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதம் அளவுதான். ஆனால் கரிமத்தைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதிக்கு அந்த ஒரு சதவீதம்தான் வேண்டும். அதனால் பல பாசிகள் ஆற்றலைச் செலவழித்து பைகார்பனேட்டை உள்ளே இழுத்து மாற்றிக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடு கூடினால் சில இனங்களுக்கு அந்தச் செலவு மிச்சம். ஏற்கெனவே திறமையாக இழுப்பவற்றுக்குப் பெரிய லாபமில்லை. எல்லா ஃபைட்டோபிளாங்க்டனுக்கும் (நீரில் மிதக்கும் நுண்பாசிகளுக்கும்) ஒரே பதில் கிடைக்காததற்கு இது முக்கியக் காரணம்.

உங்கள் பாசிக்குச் சுண்ணாம்பு ஓடும் உண்டு. ஓடு கட்டும்போது செல்லுக்குள் ஹைட்ரஜன் அயனி உண்டாகும், அதை வெளியே தள்ளியாக வேண்டும். வெளியே ஏற்கெனவே அது கூடுதலாக இருந்தால் தள்ளுவது சிரமம். ஓடே இல்லாமலும் இந்தப் பாசி நன்றாகப் பெருகும் என்பதால், செல் எண்ணிக்கையை வைத்து மட்டும் பாதிப்பில்லை என்று சொல்ல முடியாது. 2000-ல் வந்த ஓர் ஆய்வு ஓடு கட்டுவது குறைகிறது என்றது; 2008-ல் வந்த இன்னொன்று கூடுகிறது என்றது. காரணம் செய்முறையா, எடுத்த ரகமா என்று நீண்ட விவாதமே நடந்தது. ஆகவே உங்கள் ரகத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

சரி, மறுபடி செய்யும்போது கடல்நீரை ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள், அதாவது அழுத்த நீராவியில் சூடாக்கிக் கிருமி நீக்காதீர்கள். சூட்டில் கார்பன் டை ஆக்சைடு ஓடிப்போகும். 0.2 மைக்ரான் வடிகட்டி போதும். அமிலத்தோடு அதே மோல் அளவு சோடியம் பைகார்பனேட்டும் சேருங்கள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தியதற்குச் சமமாகிவிடும். இதையெல்லாம் பாசி போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அமிலத்துளி நேராக விழுந்தால் ஓடு அங்கேயே கரையும். புட்டியை விளிம்புவரை நிரப்பி, கொஞ்சமே பாசி விட்டு, இறுக மூடுங்கள். சில தலைமுறை பழகவிட்டு, கரிமம் 5 சதவீதம் குறைவதற்குள் நிறுத்திவிடுங்கள்.

பி.எச். மானியை மட்டும் நம்ப வேண்டாம், காரத்தன்மையையும் அளவிடுங்கள். சாதாரண பஃபரில் (பி.எச். தெரிந்த கரைசலில்) சரிசெய்த மானிக்கும் கடல்நீர் அளவுகோலுக்கும் 0.1-க்கு மேல் வித்தியாசம் வரும். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேற்பரப்பில் நேர்ந்த மொத்த மாற்றமே ஏறக்குறைய அந்த 0.1தான்.

அப்புறம் ஒரு துளியை நுண்ணோக்கியில், குறுக்கே வைத்த இரண்டு போலரைசர்களுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளுக்கு) நடுவில் பாருங்கள். ஓடுள்ள செல்கள் இருட்டில் வெள்ளையாக மின்னும், ஓடில்லாதவை தெரியாது. இரண்டு குடுவையிலும் மின்னுபவை எத்தனை என்று எண்ணுங்கள்.