கொழுந்துக் கணக்கு அச்சிட எந்த மென்பொருள்?

கேள்வி: ஐயா, நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கந்தோரில் வேலை செய்கிறேன். கொழுந்து தரும் சிறுதோட்டக்காரர்களுக்கு மாத முடிவில் ஆளுக்கொரு கணக்குத் தாள் கொடுக்க வேண்டும். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தொடர் தாள். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது, தாளில் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகின்றன, தமிழ்ப் பெயர்களும் சிதைகின்றன. கலர் வரைபடம் காட்டுகிற புது மென்பொருள் ஒன்றில் முதலாளிக்கு விருப்பம். எடுக்கலாமா?

பதில்: முதலாளி பார்த்தது டாஷ்போர்டாக, அதாவது கணக்கை வரைபடமாகத் திரையில் காட்டுகிற வகையாக இருக்கும். அவர் மேசைக்கு அது சரி, கொழுந்துக்காரர் கையில் போகிற தாளுக்கு ஆகாது. தாள் அளவை முதலில் முடிவு செய்து, பக்கம் பக்கமாக அமைக்கிற வகைதான் உங்களுக்கு வேண்டும். கிறிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், மைக்ரோசொப்ட்டின் எஸ்எஸ்ஆர்எஸ் எல்லாம் அந்த வகை. டாஷ்போர்டுக்குப் பேர்போன பவர் பிஐயிலும் பேஜினேட்டட் ரிப்போர்ட் (பக்கம் பிரித்த அறிக்கை) என்று தனியாக ஒன்று உண்டு, விற்க வருகிறவர் எதைக் காட்டுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி ஓடுவதற்கு மட்டும் என்றால் ஒருவேளை புது மென்பொருளே தேவைப்படாது. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், வழக்கமான தொடர் தாளில் ஒரு பக்கம் 11 அங்குலம், அதாவது 279தான். ஏ4க்கு அமைத்ததை அதில் அடித்தால் மிச்ச 18 மில்லிமீட்டர் எங்கே போகும்? ரிப்போர்ட்டிலும் பிரிண்டர் டிரைவரிலும் (கணினியில் பிரிண்டரை இயக்குகிற மென்பொருள்) ஒரே அளவு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கிறிஸ்டலை எடுத்தால் இன்னொன்று, அது எழுத்தின் அகலத்தைப் பிரிண்டர் டிரைவரைப் பார்த்துத்தான் கணக்கிடும், ஆகவே பிரிண்டரை மாற்றினால் வரிகளும் கொஞ்சம் நகரலாம்.

தமிழ்தான் பெரிய தலையிடி. பழைய பெயர்ப் பட்டியல் பாமினி என்ற எழுத்துருவில் அடித்ததா என்று பாருங்கள், ஏனென்றால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எந்த மென்பொருள் வாங்கினாலும் முதலில் பெயர்களை யூனிகோடுக்கு (எழுத்துருவைச் சாராத பொது எழுத்துக் குறியீடு) மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் சில கருவிகள் பிடிஎப் ஆக்கும்போது கொம்பை இடம் மாற்றிப் போடும், பெரியசாமி என்ற பெயரில் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். திரையில் பார்த்து இதை நம்பவே கூடாது.

அதனால் டெமோவுக்கு வருகிறவரிடம் அவருடைய மாதிரிக் கணக்கை மூடி வைக்கச் சொல்லுங்கள். கொழுந்து அதிகம் வந்த மாதத்தை எடுங்கள், அதில் நாள் தவறாமல் கொழுந்து போட்டு, உரம், முற்பணம், தேயிலைத்தூள், லொறிக் கூலி என்று கழிவுகளும் நிறைய உள்ள ஒருவரின் கணக்கை உங்கள் பிரிண்டரில், உங்கள் தாளில் அடித்துக் காட்டட்டும். இரண்டாம் பக்கம் வந்தால் தலைப்பு மறுபடி வருகிறதா, மொத்தத் தொகை மட்டும் தனியே போய் விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம், அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விட்ட ஆளிலிருந்து தொடர முடியுமா என்றும் கேளுங்கள், முடியாது என்றால் வேறு விற்பனையாளரைப் பாருங்கள்.